டவருக்குப் பயந்து சுவருக்குக் கறுப்பு அடித்த கதை

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். போன் டவர் அலையைத் தடுக்கும் என்று விற்கிற அலைத்தடுப்பு பெயின்ட் பொய் இல்லை, பூசிய சுவரில் அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் நம்முடைய வீட்டுக்கு மேலே அஸ்பெஸ்டஸ் சீற், பக்கத்தில் மர யன்னல். அலைக்கு அவை இரண்டும் திறந்த படலை மாதிரி.

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி ஒரு போன் டவர் எழும்பியது. அன்று தொடங்கியது மாமிக்குத் தலையிடி, நித்திரையின்மை. சுவிஸில் இருக்கிற மச்சானிடம் போனில் அழுதிருக்கிறார் (அதே டவர் வழியாகத்தான்), அவரும் மனம் பொறுக்காமல் இந்தப் பெயின்டில் ஐந்து லீற்றர் வாளி ஒன்றை வாங்கிக் கார்கோ பெட்டியில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் வைத்து அனுப்பிவிட்டார். "கறுப்பாத்தான் இருக்கும் அத்தான், பயப்படாதீங்க, மேலால விரும்பின கலர் அடிக்கலாம்" என்றார். விலையைக் கேட்டேன். இங்கத்தைய காசுக்கு லட்சத்தைத் தாண்டும். அந்தக் காசுக்கு முழு வீட்டுக்கும் பெயின்ட் அடித்து மிச்சத்தில் கேற்றையும் மாற்றியிருக்கலாம், அது வேறு கதை.

பெயின்ட் அடிக்க ஆரையம்பதியிலிருந்து வழமையாக வருகிற மாமா ஒருவர் வந்தார். மூடியைத் திறந்து பார்த்தவர், "மனே, இது என்ன தாரா? ரோட்டுக்கு ஊத்துறத வீட்டுக்குள்ள பூசச் சொல்றீங்க" என்று பின்வாங்கிவிட்டார். தார் இல்லை, தண்ணீரில் கரைகிற பெயின்ட்தான். உள்ளே கரித்தூளும் பென்சில் கூரில் இருக்கிற கிராஃபைட்டும் நிறைய இருப்பதால் அந்தக் கறுப்பு. மின்சாரம் கடத்துவதும் அதனால்தான். காய்ந்த பிறகு சுவரில் இரண்டு வயர் நுனியை அழுத்தி ஒன்பது வோல்ட் பற்றரியோடு சின்ன எல்ஈடி ஒன்றைத் தொடுத்துப் பார்த்தோம், மங்கலாக எரிந்தது. மகனுக்கு அன்று முழுக்க அதுதான் விளையாட்டு.

டவரைப் பார்த்த இரண்டு சுவர், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. வாளியில் எழுதியிருக்கிற பரப்பளவு கண்ணாடி மாதிரி மட்டமான சுவருக்குச் சரியாக வரும். எங்கள் சுவரோ பழைய மணல் பூச்சு, குடிகாரன் மாதிரி உறிஞ்சியது. முதல் கோட் தாராளமாகப் போனது, இரண்டாவது கோட்டில் மூலைக்கு ஒரு முழம் இருக்கும்போது வாளி வழித்தாயிற்று. முன்னதாக ஒரு பிரைமர் அடித்திருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம். சுவரின் அடிப்பக்கம் இன்னொரு தலைவலி. வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற எந்த வீட்டுக்கும் தெரிந்த வியாதிதான், உப்புப் பூத்துப் பெயின்ட் செதில் செதிலாக உதிரும். அதைச் சுரண்டிக் கழுவி, காய விட்டு, பள்ளத்தை அடைக்கிற பில்லர் பூசவே மூன்று நாள். இந்த வேலையை மாரி தொடங்கிய பிறகு செய்ய நினைக்கவே வேண்டாம்.

அப்புறம்தான் உண்மையான கூத்து. பெயின்ட் கரண்டைக் கடத்தும் என்பது மாமாவுக்கு நான் சொன்ன செய்தி, அவர் கையின் பழக்கத்துக்கு அது தெரியாதே. சுவிட்ச் கவரைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் விளிம்பு வரை ரோலரை ஓட்டியிருக்கிறார், கொஞ்சம் உள்ளேயும் வழிந்திருக்கிறது. மெயினைப் போட்டோம். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. மறுபடி போட்டால் மறுபடி விழுகிறது. அரைமணி நேரம் தேடிப் பார்த்தால், பெட்டிக்குள் லைவ் வயர் பூட்டிய திருகாணிக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பு ஒரு சொட்டு, உளுந்தளவு. அதைச் சுரண்டிப் பெட்டியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்டையே எடுத்துவிட்ட பிறகுதான் நின்றது. அந்த ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடாக இருந்தால்? முழுச் சுவருமே ஷொக் அடித்திருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லை என்றால் வாளியைத் திறக்கவே வேண்டாம். இருந்தாலும் அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

அதே காரணத்துக்காகத்தான் இந்தச் சுவரை எர்த்தில் கட்டாயம் கட்ட வேண்டும். கூடவே வந்த ஒட்டுப்பட்டி ஒன்றைச் சுவரோரமாக இழுத்து, ஒரு சின்னத் தட்டில் பூட்டி, அதிலிருந்து பச்சை மஞ்சள் வயர் எர்த்துக்குப் போக வேண்டும். வயறிங் செய்கிற தம்பியைக் கூப்பிட்டோம். அவர் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: வீட்டுக்கு எர்த்தே இல்லை! வெளியே நிலத்தில் புதைத்த கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து, கிளிப்போடு கையில் வந்தது. எத்தனை வருடமாக மூன்று பின் பிளக்கை நம்பி வாழ்ந்தோம் என்று நினைக்க எனக்குத் தலை சுற்றியது. புதிதாகச் செம்புக் கம்பி அடித்தோம். இந்தப் பெயின்டால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த மிகப்பெரிய பாதுகாப்பு அதுதான் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

சரி, தடுக்கிறதா? வாளியில் 40 டெசிபல் வரை என்று இருக்கிறது, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஊடுருவும். அது பூசிய பரப்பை மட்டும் வைத்து அளக்கிற கணக்கு. என்னிடம் இருப்பது போன்தான், செட்டிங்கில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் இலக்கம் காட்டும். கட்டில் தலைமாட்டில் பூச முன் -72 சுற்றி நின்றது, பூசிய பிறகு -80. எட்டு டெசிபல் குறைவு என்றால் ஆறில் ஒரு பங்கு ஆகியிருக்கிறது, பத்தாயிரத்தில் ஒன்று எங்கே போயிற்று? யன்னலும் கூரையும் வழியாகத்தான். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட ஒரு அடி, நாலடி யன்னல் அதற்குச் சந்தைவாசல். பிறகு யன்னலின் நைலோன் நுளம்பு வலையைக் கழற்றி அலுமினிய வலை போட்டோம், அது -86க்கு இறக்கியது. சில ஆயிரம் ரூபாய் வலை செய்த வேலையை லட்சத்துப் பெயின்டோடு ஒப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, சிக்னல் குறைந்தால் போன் சும்மா இருக்காது, டவரை எட்டுவதற்காக இன்னும் பலமாக அலை வீசும், அதுவும் காதோடு ஒட்டிக்கொண்டு. மாமிக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை. டவருக்குக் கிட்ட இருந்தால்தான் ஆபத்து என்பதும் அப்படியே சரியில்லை. பாலமீன்மடு வெளிச்சவீட்டின் காலடியில் நின்றால் வெளிச்சம் தலைக்கு மேலால் போகுமே, டவரின் அலையும் பெரும்பாலும் தூரத்தைப் பார்த்துத்தான் வீசுகிறது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்த அலைகளை "புற்றுநோய் வரச் சாத்தியம் இருக்கலாம்" என்கிற 2பி வகையில் போட்டது உண்மை, முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே வகையில்தான் இருக்கிறது. மாமி அதைத் தினமும் வெறும் வயிற்றில் குடிப்பவர்.

மேலே அடித்த வெள்ளை மூன்று கோட் கேட்டது, இரண்டில் சுவர் சாம்பலாகத்தான் நின்றது. கலண்டர் மாட்ட ஆணி அடிக்க இனிப் பயம். சுவருக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மாமி இப்போது நன்றாகத் தூங்குகிறார். பெயின்ட் பூசிய நாளிலிருந்து அலை வரக்கூடாது என்று யன்னலை இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறார். மரப் பலகையை அலை சட்டை செய்யாது. ஆனால் கரண்ட் நின்றால் டவர் அடியில் உறுமுகிற ஜெனரேட்டரின் சத்தம் இப்போது பாதிகூட உள்ளே வருவதில்லை. மச்சானிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.