புதிய சிப்பாய்க்கு ஓட்டமா, சுமைநடையா?

ராணுவத்தில் சேர நினைப்பவர் முதலில் ஓடித்தான் பழகுகிறார். ஆட்சேர்ப்பில் வடிகட்டுவதும் பெரும்பாலும் ஓட்டத்தை வைத்துத்தான். சேர்ந்த பிறகும் விடியற்காலையில் கூட்டமாக ஓட விடுவார்கள். இதற்குப் போட்டியாக இன்னொரு வழி உண்டு: முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடப்பது. பார்க்கச் சோம்பேறித்தனமாகத் தெரியும். ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு எது நல்லது என்று கேட்டால், நான் நடையின் பக்கம்.

பிரச்சினை எலும்பில் இருக்கிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு அந்த வேகம் கிடையாது. புதிய பளு விழுந்தால் உடல் பழைய எலும்பை முதலில் அரித்தெடுத்துவிட்டு, அப்புறம்தான் புதியதைக் கட்டுகிறது. சுவரை இடித்துக் கட்டும்போது நடுவில் கொஞ்ச நாள் சுவரே இருக்காதே, அப்படி. அந்த நேரத்தில் தினமும் ஓடினால் கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழ வாய்ப்பு அதிகம். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடையில் எடையைவிடச் சற்றே கூடுதல். 20 கிலோ பையைச் சேர்த்தாலும் ஓட்டத்தின் அளவுக்கு வராது.

அதற்காக நடை நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாத வீக்கத்தைப் பற்றி பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-லேயே எழுதினார். அது எலும்பு முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்திரேலிய ராணுவத்தில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓட்டம், இன்னொன்றுக்கு அதற்குப் பதிலாகச் சுமைநடை. 1997-இல் ஆய்வாளர் ருட்ஸ்கி வெளியிட்ட முடிவின்படி, ஓட்டத்தைக் குறைத்தவர்களுக்குக் காயமும் குறைவு, அதன் கடுமையும் குறைவு. உடல் தகுதியும் பெரிதாகப் பின்தங்கவில்லை. அங்கேயே பெண் பயிற்சியாளர்களுக்கு இடுப்பெலும்பில் விரிசல் வந்துகொண்டிருந்தது. குட்டையானவர், நெட்டையானவரின் அடியோடு ஒத்துப்போக எட்டி எட்டி வைத்ததும் ஒரு காரணம். அணிநடை வேகத்தை மணிக்கு 7.5 கி.மீ.யிலிருந்து 5 கி.மீ.க்குக் குறைத்து, அவரவர் அடியில் நடக்கவிட்டு, வேறு சில மாற்றங்களும் செய்ததும் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

சரி, ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? தேர்வில் முடியாது. ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் நூறு பேரைச் சோதித்துவிடலாம். மெதுவாக ஓடுபவருக்குப் பயிற்சியில் காயம் அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் வந்திருப்பதால், வடிகட்டியாக அது உண்மையில் உதவுகிறது. குறை என்னவென்றால், ஒல்லியானவருக்கு அது சலுகை காட்டும். மூச்சு வாங்காமல் ஓடி முடித்தவர், பையை மாட்டியதும் திணறுவார். அமெரிக்க ராணுவத்தில் 1980 முதல் தண்டால், சிட்-அப், இரண்டு மைல் ஓட்டம் மட்டுமே தேர்வாக இருந்தன. 2022-இல் நடைமுறைக்கு வந்த தேர்வில் பளு தூக்குவது, சுமையை இழுத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் சேர்ந்தன. நடைமுறையில் தலைவலி: ஸ்டாப்வாட்சோடு முடிந்த வேலைக்கு இப்போது ஒரு வண்டி நிறையச் சாமான் வேண்டும்.

சுமைநடையைத் தொடங்குபவர் எடை, தூரம், வேகம் மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது. பையை இடுப்புப் பட்டையில் தாங்க வையுங்கள்; வெறும் தோளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். கணைக்காலில் வலி வந்தால் கட்டைவிரலால் எலும்பு நெடுக அழுத்திப் பாருங்கள். நெடுக வலித்தால் பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் அதை ஒட்டிய தசையும் நொந்துபோன வகை. ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாவிட்டாலும் ஓட்டத்தையும் சுமைநடையையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.