பாதியில் திரும்ப முடிகிற இடம்: வளர்ப்புப் பிள்ளையோடு வேலூர் கோட்டை

வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல் கொஞ்ச காலம் நம் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாட்டில், ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்த சில வாரங்களில், எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போகலாமே என்ற பேச்சு வரும். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஸ்ரீபுரம் பொற்கோயில் என்பார்கள், இல்லையென்றால் ஏலகிரி. நல்ல இடங்கள்தான். முதல் தடவைக்கு மட்டும் இரண்டும் வேண்டாம்.

காரணம் எளிது. புது வீட்டுக்கு வந்த பிள்ளை எந்த நிமிடத்தில் முகம் வாடும், எதைப் பார்த்து மிரளும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது ‘சரி, வீட்டுக்குப் போலாம்’ என்று சொன்னால் சொன்னபடி கிளம்ப முடிய வேண்டும். ஸ்ரீபுரத்தில் நட்சத்திர வடிவப் பாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும்; கூட்டத்தோடு உள்ளே போய்விட்டால் நடுவில் திரும்புவது சிரமம், கைபேசியும் கையில் இருக்காது. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

வேலூர் கோட்டை இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, அதனால் ‘காசு கொடுத்து வந்தோமே’ என்ற எண்ணம் பெரியவர்களைப் பிடித்து இழுக்காது. 133 ஏக்கர் என்றாலும் போக வரப் பொதுமக்களுக்கு ஒரே வாசல். பிள்ளை கண்ணிலிருந்து மறைந்தால் முதலில் எங்கே ஓடிப்போய் நிற்க வேண்டும் என்பது தெளிவு. உள்ளே வந்ததும் அந்த வாசலைக் காட்டி, ‘ஆளை விட்டுட்டா இங்க வந்து நிக்கணும், நாங்களும் இங்கதான் வருவோம்’ என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள்.

ஞாயிறு காலை 8 மணிக்கு அங்கே இருப்பது நல்லது. சாயங்காலம் கூட்டம் மொய்க்கும். நடுப்பகலில் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கோயில் கல்தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆகவே முதலில் ஜலகண்டேஸ்வரர் கோயில். சாமி கும்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பிள்ளை வேறு மதத்திலோ வேறு வழக்கத்திலோ வளர்ந்திருக்கலாம். கல்யாண மண்டபத்துத் தூண்களே போதும். யாளியும் குதிரையும் எத்தனை என்று எண்ணவிடுங்கள்.

இந்தக் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு: காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பெரியவர் ஒரு பக்கம் மறைக்க, பிள்ளை மறுபக்கம் மறைக்க, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். (கல்லைத் தொட வேண்டாம், கண்ணுக்கு முன்னால் கையைப் பிடித்தாலே போதும்.) கண்ணைப் பார்த்துப் பேசக் கூசுகிற பிள்ளைகள் இப்படித் தோளோடு தோள் நின்று வேறொன்றைப் பார்க்கும்போது தானாகப் பேச ஆரம்பிக்கும். எதிரெதிரே உட்கார்ந்து ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்பதைவிட இது பத்து மடங்கு வேலை செய்யும்.

அடுத்து கோட்டை மதில். ஏற விடுகிற இடங்களில் மட்டும் ஏறுங்கள். விளிம்பில் தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் கிடையாது, கீழே அகழியில் தண்ணீர். பத்து வயதுக்குக் கீழ் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு தேவை. கையைப் பிடித்துக்கொள்ளக் கூசினால் துண்டின் ஒரு முனையைப் பிள்ளையிடம் கொடுத்து மறுமுனையை நீங்கள் பிடிக்கலாம்.

அருங்காட்சியகம் காலை 9.30க்குத் திறக்கும். அரைமணி நேரம் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கோட்டையின் வரலாறு பெரும்பாலும் சிறைவைக்கப்பட்ட குடும்பங்களின் வரலாறு. 1799-ல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவர் பிள்ளைகளை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கனும் இங்கே கைதியாக இருந்து 1832-ல் இறந்தார். அப்பாவை இழந்து, ஊரைவிட்டு வந்த பிள்ளைகள் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் கதை, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சாதாரணமாக இருக்காது. முதல் வருகையில் 1806 சிப்பாய்ப் புரட்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளையே பலகையைப் படித்துவிட்டுக் கேட்டால் ஒளிக்காமல் இரண்டு வரியில் பதில் சொல்லுங்கள். ‘உனக்கும் அப்படித்தானே’ என்று மட்டும் ஒப்பிட வேண்டாம். கோயிலின் கதையைத் தாராளமாகச் சொல்லலாம்: நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்த கருவறைக்குச் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்தது 1981-ல்தான்.

10.30க்குள் வெளியே வந்துவிடுங்கள். உற்சாகம் மீதி இருக்கும்போதே கிளம்பினால்தான் அடுத்த தடவை கூப்பிட்டதும் வரும்.

தீனி விஷயத்தில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. பசியறிந்த பிள்ளை வாங்கியதில் பாதியைப் பையில் ஒளித்துவைக்கும். அதைத் திருட்டு என்று நினைத்துச் சத்தம் போட்டால் அன்றைய பயணமே வீண். கிளம்பும் முன்பே ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, ‘இது உன்னோடது, எப்ப வேணா சாப்பிடு’ என்று சொல்லிவிடுங்கள். கையில் 50 ரூபாய் கொடுங்கள். பஞ்சுமிட்டாய் வாங்கினாலும் சரி, செலவழிக்காமல் வைத்துக்கொண்டாலும் சரி, கணக்குக் கேட்கக் கூடாது. வீட்டில் சொந்தப் பிள்ளை இருந்தால் அதற்கும் அதே 50. ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இருந்தால் இரண்டு பேருமே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு செட் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் பிரியாணிக் கடைதான் என்று முடிவுசெய்திருந்தால் 12 மணிக்கு முன்பே போய்விடுங்கள். ஞாயிறு ஒரு மணிக்கு நாற்காலிக்குப் பின்னால் ஆள் நின்று காத்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் நிதானமாகச் சாப்பிடாது.

வெளியே போனால் கட்டாயம் ஒருவர் கேட்பார்: ‘இன்னாமா, உம்பொண்ணா? ஜாடையே இல்லையே.’ பதிலை வீட்டிலேயே பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘எங்க வீட்டுப் பொண்ணு’ என்ற மூன்று சொல் போதும். ‘ஹோம்லருந்து வந்திருக்கா’ என்று கடைக்காரரிடம் விளக்க ஆரம்பித்தால், தலை குனிந்து செருப்பைப் பார்க்கிற பிள்ளையைத்தான் திரும்பக் கூட்டிவர வேண்டியிருக்கும். அத்தை, பெரியம்மா, ஆன்ட்டி, எப்படிக் கூப்பிட்டாலும் விடுங்கள்; ‘அம்மான்னு சொல்லு’ என்று பொது இடத்தில் சொல்லவே கூடாது.

படம் எடுக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், முகநூல் எதிலும் போட வேண்டாம். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு படத்தை அச்சிட்டுப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். நாளை சொந்த வீட்டுக்குத் திரும்பினாலும் அது கூடவே போகும்.

இரண்டாவது பயணமும் கோட்டைக்கே இருக்கட்டும்: அதே வாசல், அதே வரிசை. ‘தெரிஞ்ச இடம்’ என்று பிள்ளை வழிகாட்ட ஆரம்பித்த பிறகு அமிர்தி. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ., ஜவ்வாது மலையடிவாரம், சின்ன உயிரியல் பூங்கா, மான்கள். அருவி மழைக்குப் பிறகுதான் அருவி. ஏலகிரி அதற்கும் அடுத்து. அந்த வளைவுகளில் குமட்டும், அதனால் வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி, ஜன்னல் ஓரம், கைக்கெட்டும் தூரத்தில் பாலிதீன் கவர். வாந்தி எடுத்த பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான், அடி விழுமோ என்று. துடைத்துவிட்டு, சட்டையை மாற்றி, வேறு பேச்சைத் தொடங்குங்கள். இரவு தங்குவதாக இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

கோட்டைக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகம் பூட்டியிருக்கும்.