ஸ்பிட்ஃபயர் மூக்குக்குள் எதை வைப்பது?

ராயபுரம் வீட்டு மொட்டைமாடியில் பால்சா மரத் தூசிக்கு நடுவே என் ஸ்பிட்ஃபயர் கிட் கிடக்கிறது; இரண்டாம் உலகப் போர் கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் பறக்கும் மாடல். எஞ்சின் மட்டும்தான் பாக்கி. 46 டூ ஸ்ட்ரோக் (0.46 கன அங்குல எஞ்சின்), 70 ஃபோர் ஸ்ட்ரோக் (0.70), பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டார் என்று மூன்று வழி.

எல்லாரும் பவரைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் எடையைப் பார்க்கிறேன். ஸ்பிட்ஃபயருக்கு மூக்கு குட்டை. நிஜ விமானத்தில் 27 லிட்டர் மெர்லின் எஞ்சின் முன்பாரம் கொடுத்தது; மாடலில் அதை நாம்தான் ஏற்றணும். என் கிட்டில் சி.ஜி. புள்ளியிலிருந்து (விமானம் சமநிலையில் நிற்க வேண்டிய இடம்) மூக்கு 22 செ.மீ., வால் 77 செ.மீ. வால்பக்கம் 10 கிராம் பசை கூடினால் முன்னால் 35 கிராம் ஈயம் வேணும்.

46 விலை குறைவு, ஸ்டார்ட் ஆவதும் சுலபம். சைலன்சரோடு அரை கிலோ. ஆனால் 11 அங்குல புரொப்பெல்லர் கொசு மாதிரி கத்தும், போர் விமானத்துக்கு ஒட்டவே ஒட்டாது. 70 இன்னும் கொஞ்சம் கனம். இந்த விமானத்தில் அது லாபம், அத்தனை ஈயம் மிச்சம். 13 அங்குல புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும், சத்தமும் கம்பீரம். அவ்வப்போது வால்வு இடைவெளி பார்க்கணும், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் தலைவலி எரிபொருள். அதில் பெரும்பங்கு மெத்தனால். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. மீதமாகும் எரிபொருள் ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எங்கள் கடற்காற்றைக் கேட்கவே வேண்டாம். இன்னொன்று: டேங்க் சி.ஜி.க்கு முன்னால் இருப்பதால், பறக்கப் பறக்க மூக்கு லேசாகும். அதனால் டேங்க் காலியாக இருக்கும்போதுதான் பேலன்ஸ் பார்க்கணும்.

மோட்டாரில் அந்தக் கதையே இல்லை, பேட்டரி தீர்ந்தாலும் எடை அதேதான். 4 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 400 கிராமுக்கு மேல் வரும். ஃபயர்வாலில், அதாவது மோட்டாரைப் பொருத்தும் முன்பலகையில், ஒரு ஓட்டை போட்டு அதை மோட்டாருக்கு அடியில் நுழைத்தால் பாதி வேலை முடிந்தது. கவுலில் (மோட்டாரை மூடும் மூக்கு உறை) காற்று உள்ளே வரும் வழியைவிட வெளியேறும் வழி பெரிதாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் இது ரொம்ப முக்கியம்.

காது 70-ஐத்தான் கேட்கிறது. ஆனாலும் மோட்டாரே வாங்கினேன். தாழ்ந்த இறக்கை என்பதால் விமானத்தைக் கவிழ்த்து, குறித்த இடத்தில் இரண்டு விரலில் தாங்கினேன். வால் லேசாகத் தொங்கியது. காசிமேட்டு வலைக்கடையில் வாங்கி வைத்திருந்த கால் கிலோ ஈயக்குண்டில் 60 கிராம்தான் செலவானது.