மூன்று குளிர்காலம் ட்ரோனை வைத்து மான் தேடியதில்

நோர்வேயின் வடகோடி, ஃபின்மார்க் மேட்டுவெளி. துருவ மான் மேய்க்கும் ஒரு சாமி (இந்த வடபகுதியின் பழங்குடி மக்கள்) குடும்பத்துக்கு மூன்றாவது குளிர்காலமாக ட்ரோன் ஓட்டிக் கொடுக்கிறேன். (மீன் தொழிற்சாலை வேலைக்கு இந்தக் கரைக்கு வந்த தமிழர் ஒருவரின் பிள்ளை நான், மானைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவர்களிடம் கற்றது.) உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்கிறார்கள். தேட உதவும். மேய்க்க அவ்வளவாக உதவாது.

மந்தையிலிருந்து பிரிந்த பத்துப் பதினைந்து மானுக்காக பனி ஸ்கூட்டரில் அரை நாள் அலைவது இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் கண்ணுக்கெட்டும் தூரத்தில், 120 மீட்டர் உயரத்துக்குள்தான் பறக்கலாம் என்று சட்டம், அதனால் மேட்டுக்கு மேடு ஸ்கூட்டர் ஏறத்தான் வேண்டும். வெப்பக் கேமரா விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். மான் ரோமம் உள்ளே காற்று நிறைந்தது, உடல் சூட்டை வெளியே விடாது. மைனஸ் 30இல் முதுகு பனியோடு பனியாகக் கிடக்கும், முகம் நம் பக்கம் திரும்பினால்தான் ஆள் அகப்படும். பட்டரி, சொன்ன நேரத்தில் பாதிகூட வரவில்லை, ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்கியே போடுகிறேன். முதல் வருடம் உறைமூட்டத்தில் இறக்கையில் பனி படிந்து ஒன்று விழுந்தே போனது.

சத்தத்தால் மந்தையைத் திருப்பலாம் என்று நினைத்தோம். முதல் வருடம் ஓடின. இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேய்கின்றன! சினை மான்களுக்கு மேலே வசந்தத்தில் நாங்கள் பறப்பதே இல்லை.

செயற்கைக்கோள் படத்தில்தான் எனக்கு ஆசை அதிகம் இருந்தது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியனே எழாது, சாதாரணப் படம் வெறும் கறுப்பு. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மட்டும் இருட்டிலும் மேகத்திலும் பார்க்கும். பனி மேல் மழை பெய்து உறைந்தால் அடியில் மான் மேயும் பாசி (நம் கல்பாசியின் உறவுதான்) பூட்டப்பட்டுவிடும், மானின் குளம்பால் உடைக்க முடியாது. ரஷ்யாவின் யமாலில் 2013 நவம்பரில் அப்படிப் பெய்த மழையால் அந்தக் குளிர்காலத்தில் சுமார் 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. பனி ஈரமானதை ரேடார் காட்டும், சரி, ஆனால் அடியில் எவ்வளவு கனத்தில் உறைந்திருக்கிறது என்று என் வரைபடத்தில் தெரிவதில்லை. இந்த ஜனவரியில் வரைபடத்தைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்றேன். வீட்டுப் பெரியவர் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துப்போய் நாலு இடத்தில் தோண்டினார். மூன்றில் தரையோடு ஒட்டிய பனிக்கட்டி. அன்றைக்கே மந்தையை நகர்த்தினோம். பனிக்கு அடியில் மேய்ச்சல் கிடைக்கும் நிலைக்குச் சாமி மொழியில் 'குவோஹ்துன்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை அவர் காலால் அறிகிறார்.

அப்புறம் ஒரு விஷயம். இங்கே ஒருவரிடம் எத்தனை மான் என்று கேட்பது, வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது மாதிரி. ட்ரோன் படத்தில் எண்ணிக்கை அப்படியே விழுந்துவிடுகிறதே! அதனால் தானாக இணையத்தில் ஏற்றும் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன், பறந்து முடிந்ததும் மெமரி கார்டு அவர்கள் வீட்டு அலமாரிக்குப் போய்விடும்.