குளோனா, புது ஓஎஸ்ஸா?

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் ஒரு கடை. ஆவணி முகூர்த்த வேலை குவிந்திருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுப் போய் காபி குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "எஸ்எஸ்டி போட்டுக் குடுங்க தம்பி. ஆனா ஒரு ஃபாண்ட்கூடக் காணாமப் போகக் கூடாது" என்றார் கடைக்காரர். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க். அதற்கு எந்த முறையில் மாறுவது என்பதை ஃபாண்ட் பற்றிய அந்தப் பேச்சே முடிவு செய்துவிட்டது.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அச்சுப் பிசகாமல் புதியதில் நகலெடுத்தால் அது குளோன். புதிய டிஸ்க்கில் விண்டோஸை, அதாவது ஓஎஸ்ஸை, முதலிலிருந்து ஏற்றி, நம் ஃபைல்களை மட்டும் கொண்டுவருவது இன்னொரு வழி. விண்டோஸோடு வரும் சிஸ்டம் இமேஜ் (முழு டிஸ்க்கின் பேக்கப்) என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. பழையதைவிடச் சிறிய டிஸ்க்கில் இறங்க அடம்பிடிக்கும், நான் அதைத் தொடுவதில்லை.

புதுசாகப் போட்டால்தான் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி, சுழலும் தட்டின் மேல் படிக்கும் ஹெட் அலைவதில்தான் ஹார்ட் டிஸ்க் நேரத்தைத் தொலைக்கிறது. எஸ்எஸ்டியில் சுழல எதுவுமில்லை. அதனால் குளோன் செய்தாலும் வேகம் வரும். புதுசாகப் போட்டால் அதற்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நேரக் கணக்கு வேறு. விண்டோஸ் ஏற அரை மணி போதும். அப்புறம்தான் வேலையே: பாமினி, வானவில் எழுத்துருக்கள், தமிழ் டைப்பிங் மென்பொருள், பிரிண்டர் டிரைவர் என்று பல வருஷமாகச் சேர்ந்தவை. எதை எங்கே வாங்கினோம் என்று அவருக்கே நினைவில்லை. குளோனில் இந்தத் தலைவலி கிடையாது. அந்தக் கடையின் 180 ஜிபியை யுஎஸ்பி 2.0 வழியாக நகலெடுக்க ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். நீல நிற 3.0 போர்ட் என்றால் ஒரு மணிக்குள் முடியலாம்.

நடுவில் கரண்ட் போனால்? குளோன் பழைய டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் செய்கிறது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் சரி. ஆபத்து அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. குளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவி, புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 500 ஜிபியிலிருந்து 240-க்குப் போகிறோம் என்றால், பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை (அதில் பிரித்து வைத்த பகுதியை) முதலில் சுருக்க வேண்டும். அந்த நேரத்தில் யுபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஃபைல்களை வெளியே ஒரு பிரதி எடுத்த பிறகே நான் சுருக்கினேன்.

அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் கோட்டை விட்டேன். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் வந்துவிட்டேன். சாயங்காலம் போன்: "வேகமே வரலையே தம்பி?" நாள் முழுக்க மெஷின் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் புதியதை விண்டோஸ் ஆஃப்லைனில் தள்ளிவிட்டது. மை கம்ப்யூட்டரில் அது தெரியவே இல்லை. அன்றைக்குச் செய்த ஏழு பத்திரிகைகளும் பழையதில். மறுபடி போய் அவற்றைப் பென்டிரைவில் எடுத்துப் புதியதில் போட்டேன்.

மன்னார்குடி பக்கம் ஓர் உரக்கடையில் கதை தலைகீழ். டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் மஞ்சளில் எச்சரித்தது. கெட்டுப்போன செக்டார்களில் (டிஸ்க்கின் சிறு துண்டுகளில்) குளோன் முட்டி நிற்கும். அப்படியே முடிந்தாலும், ஊர்ப் பென்டிரைவ் எல்லாம் விட்டுச் சென்ற வைரஸ்களும் சேர்ந்து வரும். எனவே முதல் வேலையாகக் கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டாவை வெளியே எடுத்தேன். பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே டேலி லைசென்ஸை சரண்டர் செய்தேன், அதாவது புதியதில் மறுபடி போடத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு புது ஓஎஸ். விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டைப் பார்ப்பதால் புதிய கீ வாங்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், 11 ஏற்கும் பிராசஸரும் உள்ள மெஷின் என்றால் இந்தச் சாக்கில் 11-க்கே போய்விடலாம்.

டிஸ்க் நல்ல நிலையில் உள்ள கடைக்குக் குளோன்; டிஸ்க் கெடத் தொடங்கிய மெஷினுக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் புது ஓஎஸ். என் கணக்கு இதுதான்.

பத்திரிகைக் கடைக்காரர் பழைய டிஸ்க்கை அன்றே ஃபார்மட் அடித்துப் பாட்டு ஏற்றக் கேட்டார். டேப் ஒட்டி, தேதி எழுதி, கல்லாவுக்குள் வைத்துவிட்டேன். ஐப்பசி பிறக்கட்டும் அண்ணே என்றேன்.