பாலைத் தோட்டத்துக்குத் தண்ணீர்: அளவைக் குறைப்பதா, இடைவெளியை நீட்டுவதா?

பாலைவனக் கோடையின் உச்சத்தில், நன்றாக நீர் பாய்ச்சிய புல்தரை ஒரு நாளைக்கு 9 மி.மீ. வரை தண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அதே தரை நடுக் குளிர்காலத்தில் இழப்பது ஏறக்குறைய 2 மி.மீ. இந்த நான்கு மடங்கு வித்தியாசத்தைச் சமாளிக்க வழிகள் இரண்டு. ஒவ்வொரு முறையும் விடும் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கலாம். அல்லது அளவில் கை வைக்காமல், பாய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் இடையிலான நாட்களை மாற்றலாம். தண்ணீரைக் குறித்த நேரத்தில் தானாகத் திறந்து மூடும் டைமர்களில் பல முதல் வழிக்குத் தோதாகச் செய்யப்பட்டவை. மரத்துக்கும் புதருக்கும் தேவைப்படுவதோ இரண்டாவது வழி.

வேர் இருக்கும் ஆழம் பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை. புல்லுக்கும் பூச்செடிக்கும் 30 செ.மீ., புதருக்கு 60, மரத்துக்கு 90 என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் விடும்போதெல்லாம் அந்த ஆழம் வரை மண் நனைய வேண்டும். அதில் பாதியைச் செடி குடித்து முடித்த பிறகுதான் அடுத்த தண்ணீர். தினமும் கால் மணி நேரம் விட்டால் மேல் 10, 15 செ.மீ. மட்டும் நனையும். வேர் ஈரத்தைத் தேடி மேலே வரும், கோடையில் வெந்துபோகும். தண்ணீரோடு வந்த உப்பும் கீழே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 4 மீட்டர் அகலக் குடை விரித்த மரம். குடையின் கீழ்ப் பரப்பு 12.6 சதுர மீட்டர். வண்டல் கலந்த செம்பாகமான மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 150 மி.மீ. அளவு பயன்படும் நீரைப் பிடித்துவைக்கும். 90 செ.மீ.க்கு 135 மி.மீ.; அதில் பாதி சுமார் 67 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்றால் ஒரு லிட்டர். ஆக, முழுப் பரப்புக்கும் 850 லிட்டர். பாதிப் பரப்பை நனைத்தால் போதும் என்றால் 425 லிட்டர். மிதமாக நீர் குடிக்கும் மரம் புல்தரை இழப்பதில் பாதியை இழக்கும் என்று கொள்வோம். கோடையில் நாளுக்கு 57 லிட்டர், குளிரில் 13 லிட்டர். அதே 425 லிட்டர் கோடையில் ஏழரை நாளுக்கு வரும், குளிரில் ஒரு மாதத்தைத் தாண்டும். மணற்பாங்கான மண் என்றால் பிடித்துவைக்கும் நீர் பாதிக்கும் குறைவு. அப்போது அளவையும் இடைவெளியையும் சேர்த்தே பாதியாக்க வேண்டும். பாலைக்கே உரிய மரங்களுக்கு இடைவெளியை இரட்டிப்பாக்கலாம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, தண்ணீரை மண்ணில் சேர்க்கும் முறைகளைப் பார்க்கலாம்.

சொட்டுநீரா, குமிழ்வாயா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சொட்டுநீரின் பலம் அதன் நிதானம். ஒரு டிரிப்பர், அதாவது குழாயில் பொருத்தும் சொட்டுவாய், மணிக்கு 2, 4 அல்லது 8 லிட்டர் விடும். களிமண்ணும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து உறிஞ்சிக்கொள்ளும், சரிவில் வழிந்தோடாது. மேலே சொன்ன மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் 10 வைத்தால் 425 லிட்டர் இறங்க ஐந்து மணி இருபது நிமிடம் ஆகும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சொட்டுநீர் என்றாலே சிக்கனம் என்று நினைத்து 20 நிமிடம் ஓட்டினால் அந்த மரத்துக்குக் கிடைப்பது வெறும் 27 லிட்டர். சிக்கனம் என்ற பெயரில் பட்டினி. சில டைமர்களில் ஓர் ஓட்டத்துக்கு 4 மணி நேரம்தான் உச்சவரம்பு. அப்படியானால் ஒரே நாளில் இரண்டு தொடக்க நேரம் கொடுக்க வேண்டும்.

பாகங்களின் வரிசையும் முக்கியம். முதலில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, அடுத்து டைமர் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, பிறகு 120 முதல் 150 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்ணி) ஃபில்டர், அதன் பின் அழுத்தத்தை 1.5 முதல் 2 பாருக்குள் வைக்கும் ரெகுலேட்டர், 16 மி.மீ. குழாய், டிரிப்பர், கடைசியில் திறந்து கழுவ வசதியான மூடி. 16 மி.மீ. குழாய் ஒன்றில் 60 மீட்டர் நீளத்தையும் மணிக்கு 750 லிட்டரையும் தாண்ட வேண்டாம். தாண்டினால் கடைசி மரம் காயும். மாடித் தொட்டியிலிருந்து நேராக எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3 மீட்டர் உயரம் தரும் அழுத்தம் 0.3 பார்தான். அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் டிரிப்பர்களுக்கு இது போதாது. சாதாரண டிரிப்பரோ சிறிய பம்போ தேவைப்படும்.

சொட்டுநீரின் பலவீனங்கள் மூன்று. முதலாவது அடைப்பு. பாலைத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் பூத்துவிடும். வினிகரில் ஊறவைத்தால் சில சமயம் திறக்கும், இல்லாவிட்டால் மாற்றிவிடுவதே மேல். இரண்டாவது, டிரிப்பர் வைக்கும் இடம். நட்ட அன்று தண்டை ஒட்டி வைத்த இரண்டு டிரிப்பர் ஐந்து வருடம் கழித்தும் அங்கேயே கிடக்கும். மரத்தின் வேரோ குடை விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். வேர் பரவாத மரம் முதல் பெருங்காற்றில் சாய்வதற்கு இது பெரிய காரணம். மரம் வளர வளர டிரிப்பரை வெளியே நகர்த்தி, எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, உப்பு வளையம். ஈரம் எங்கே முடிகிறதோ அங்கே உப்பு சேரும். சொட்டுநீர் பாய்ந்த மண்ணில் இது வெங்காயத் தோல்போல நனைந்த பகுதியைச் சுற்றி நிற்கும். இரண்டு மூன்று மி.மீ. தூறல் விழுந்தால் அந்த உப்பு கரைந்து நேராக வேருக்குள் இறங்கும். அதனால் லேசான மழை பெய்யும்போது சொட்டுநீரை ஓட்டத்தான் வேண்டும். கேட்க வினோதமாக இருந்தாலும் முறை அதுதான்.

குமிழ்வாய், அதாவது பப்ளர், வேறு ரகம். நிமிடத்துக்கு 1 முதல் 4 லிட்டர் வரை கொட்டும். மரத்தைச் சுற்றிக் குடையின் பாதிப் பரப்புக்கு வட்டப்பாத்தி வெட்டி, 10 செ.மீ. உயரக் கரை கட்டினால் 425 லிட்டர் தாராளமாக நிற்கும். 4 லிட்டர் வேகத்தில் 1 மணி 46 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாய் பெரிது என்பதால் அடைப்பு அரிது; தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதும் தூரத்திலிருந்தே தெரியும். பரப்பு முழுவதும் ஒரே சீராகக் கீழே இறங்குவதால் உப்பையும் வேருக்குக் கீழே தள்ளிவிடும்.

இதன் குறை, குழாயின் வேகம். ஆறு மரங்களுக்கு ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு 24 லிட்டர் வேண்டும். வீட்டு இணைப்பு பலவற்றில் அதுதான் மொத்தக் கொள்ளளவு. தரை சரிவாக இருந்தால் பாத்தி நிற்காது. தண்ணீர் தண்டைத் தொட்டு நின்றால் பட்டை அழுகும். தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு மண்ணை மேடாக்கி வைக்க வேண்டும்.

தீர்ப்பு: சமதரையில் தனித்து நிற்கும் வளர்ந்த மரங்களுக்கும் பழமரங்களுக்கும் குமிழ்வாய். சரிவு, புதர் வரிசை, குறைந்த அழுத்தம், நெருக்கமாக நட்ட செடிகள் என்றால் சொட்டுநீர். இரண்டையும் ஒரே வால்வில் கோக்காதீர்கள். ஒன்று ஐந்து மணி நேரம் கேட்கும், மற்றது இரண்டு மணி நேரம். யாராவது ஒருவர் மூழ்குவார் அல்லது காய்வார்.

தெளிப்பானும் மண்பானையும்

தெளிப்பான் புல்தரைக்கு மட்டும். காற்றில் பறக்கும், வெயிலில் ஆவியாகும், உப்புத் தண்ணீர் இலையில் பட்டால் விளிம்பு கருகும். புல்லுக்கு வைத்தே தீர வேண்டும் என்றால், மணிக்கு 40 மி.மீ. கொட்டும் நிலையான விசிறித் தலையைவிட 10, 12 மி.மீ. தரும் சுழலும் தலை நல்லது. விசிறித் தலையில் 18 மி.மீ. விட 27 நிமிடம் போதும். ஆனால் ஒரேயடியாக விட்டால் பாதி நடைபாதைக்குப் போகும். 9 நிமிடமாக மூன்று தவணை, நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி. விடியலுக்கு முன், காற்று அடங்கியிருக்கும்போது. எவ்வளவு விழுகிறது என்று அறிய, ஒரே அளவுள்ள காலி டப்பாக்களைத் தரையில் பரப்பி அளந்தால் போதும்.

மண்பானை இந்த அலசலில் விளையாட்டுக்குச் சேர்த்தது அல்ல. மெருகு பூசாத பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பினால், மண் காயக் காயத் தண்ணீர் கசியும். ஈரமானால் கசிவு குறையும். கி.மு. 1-ஆம் நூற்றாண்டுச் சீன வேளாண் குறிப்புகளிலேயே இந்த முறை உண்டு. இங்கே பேசும் முறைகளில் பருவத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்வது இது ஒன்றுதான், டைமரே வேண்டாம். 10 லிட்டர் பானை சுற்றிலும் அரை மீட்டருக்குள் இருக்கும் காய்கறிக்கும் பூச்செடிக்கும் போதும். பாதி குறைந்ததும் நிரப்பிவிட வேண்டும். அடிவரை வற்ற விட்டால் உப்பு படிந்து நுண்துளை அடையும். வாயை மூடாவிட்டால் கொசு. மரத்துக்குப் பக்கத்தில் புதைத்தால் வேர் பானையை உடைக்கும். 20 பானையை யார் நிரப்புவது என்பதுதான் இதன் நிஜமான விலை.

பாய்ச்சும் நாளை யார் குறிப்பது?

டைமர்களில் இருக்கும் சதவீதப் பொத்தான்தான் பாலைத் தோட்டங்களின் சத்தமில்லாத எதிரி. கோடையில் 100, குளிரில் 25 என்று திருகினால் வாரத்துக்கு ஒருமுறை ஐந்தே கால் மணி நேரம் ஓடியது, வாரத்துக்கு ஒருமுறை ஒன்றே கால் மணி நேரமாகும். மாதக் கணக்கில் தண்ணீரின் அளவு சரிதான். ஆனால் 90 செ.மீ. இறங்கிய ஈரம் இப்போது 25 செ.மீ.யில் நின்றுவிடும். புல்தரைக்கும் இது உகந்ததல்ல, மரத்துக்கோ கெடுதல்.

வானிலை பார்த்து இயங்கும் கருவிகள் இதைவிட மேல்தான், ஒரு நிபந்தனையோடு: அந்தக் கருவி நேரத்தை மாற்றுகிறதா, இடைவெளியை மாற்றுகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். இரண்டு ரகமும் உண்டு. மண்வகை, டிரிப்பர் அளவு, செடிவகை ஆகியவற்றைத் தவறாகப் பதிந்தால் அது துல்லியமாகத் தவறு செய்யும். மண்ணில் புதைக்கும் ஈர உணர்வி, உப்பு மிகுந்த மண்ணில் உள்ளதைவிட அதிக ஈரத்தைக் காட்டக்கூடும்.

இவற்றை விட்டுவிட்டு, நாள் இடைவெளி வைக்கக்கூடிய எளிய டைமர் ஒன்றை எடுத்து, வருடத்துக்கு நான்கைந்து முறை கையால் மாற்றுவதே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. கிழமை மட்டும் தேர்ந்தெடுக்கும் டைமர் வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் அதால் எண்ண முடியாது. 30 நாள்வரை எண்ணும் டைமராக, குறைந்தது மூன்று தனித் திட்டங்கள் உள்ளதாக இருக்கட்டும்: மரத்துக்கு ஒன்று, புதருக்கு ஒன்று, புல்லுக்கும் தொட்டிச் செடிக்கும் ஒன்று. பாலைக்குரிய மரம் என்றால் கோடையில் மண்ணைப் பொறுத்து 7 முதல் 21 நாள், குளிரில் 30 முதல் 60 நாள். 30-ஐத் தாண்டும்போது திட்டத்தை நிறுத்திவிட்டுக் கையால் திறந்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் நடுவராக ஒரு மீட்டர் நீள, 10 மி.மீ. இரும்புக் கம்பி போதும். பாய்ச்சிய மறுநாள் மண்ணில் அழுத்துங்கள். ஈரமான மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும், வறண்ட இடத்தில் நிற்கும். மரத்தடியில் 50 செ.மீ.யில் நின்றால் ஓட்ட நேரத்தைக் கூட்டுங்கள், இடைவெளியைத் தொடாதீர்கள். எங்கே குத்தினாலும் ஒரே ஆழத்தில் டக்கென்று கல்லில் மோதுவதுபோல நின்றால், அது வறட்சியல்ல, சுக்கான் பாறை, அதாவது மண்ணுக்குள் இறுகிப்போன சுண்ணாம்புப் படிவம். அங்கே குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் 10 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் கடப்பாரையால் பாறையைத் துளைத்து வடிகால் செய்த பிறகே மரம் நடலாம். எந்த டைமரும் அந்தக் குறையைத் தீர்க்காது.

குளிர்காலத்தில் ஒரு முறை ஓட்ட நேரத்தை இரட்டிப்பாக்கி உப்பைக் கீழே இறக்கிவிடுங்கள். ஆவியாதல் குறைவாக இருக்கும்போதுதான் இது மலிவாக முடியும். உறைபனி அறிவிப்பு வந்தால் முந்தின நாளே தண்ணீர் விடுங்கள், ஈர மண் வெப்பத்தை அதிகம் பிடித்துவைக்கும். கோடை மழை 25 மி.மீ. பெய்தால் ஒரு பாய்ச்சலை விட்டுவிடலாம். 5 மி.மீ. பெய்தால் தூசு அடங்கியது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அட்டவணை அப்படியே ஓடட்டும்.