பழைய பயணச் சுவரொட்டி வாங்குவோர் கவனத்திற்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் இப்பதிவைப் படித்த பிறகு பணம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் இணையத்தில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் 850 வெள்ளி கொடுத்து, அமெரிக்காவின் டிடபிள்யூஏ விமான நிறுவனத்துக்காக ஓவியர் டேவிட் கிளைன் வரைந்த நியூயார்க் சுவரொட்டியை வாங்கினேன். டைம்ஸ் சதுக்கத்தின் விளக்குகளையும் விளம்பரப் பலகைகளையும் வண்ணச் சிதறலாக்கிய அந்தப் படம் 1956ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. தோட்டத்தில் கிராணியாக இருந்த என் அப்பா, துரை பங்களாவில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்காகவே அதைத் தேடினேன்.

"அசல், 1950களில் அச்சடித்தது, அளவும் அதே அளவுதான் ஐயா" என்று விற்பனையாளர் எழுத்திலேயே உறுதியளித்தார். அந்த விலைக்கு அசல் கிடைக்காது என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வந்த தாளில் மடிப்புக் கோடுகளும் மூலையில் ஒரு துருக்கறையும் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தால் மடிப்பு தட்டுப்படவே இல்லை. தாள் முழுதும் வழுவழுவென்று இருந்தது. யாரோ வைத்திருந்த அசலை, அதன் மடிப்போடும் கறையோடும் படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். பட்டணத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணன் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார். அதில் பார்த்தபோது எழுத்துகள்கூடப் பல நிறப் புள்ளிகளாகச் சிதறியிருந்தன. அக்காலச் சுவரொட்டிகளில் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே மையில் அடர்த்தியாகப் பதிந்திருக்கும். அசலின் அளவு ஏறத்தாழ 25க்கு 40 அங்குலம். எனக்கு வந்ததோ அதைவிட மிகச் சிறிய ஏ2 தாள், படத்தின் ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று பதில் எழுதிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார். ஆகவே, அளவு நாடாவைச் சுவரொட்டியின் மேல் வைத்தும், எழுத்துகளை மிக நெருக்கத்திலும், தாளின் பின்புறத்தையும் எடுத்த படங்களைக் கேளுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள். குறுஞ்செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். அவற்றை அச்செடுத்து, 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறேன்.